சம்பவாம்பா

சம்பவாம்பா என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் அரசியல் இசைக்குழு ஆகும். 1982 ஆம் ஆண்டில் லங்காஷயரிலுள்ள பர்ன்லி நகரத்து இளைஞர்களால் தொடங்கப்பட்ட இக்குழு, லீட்ஸ் நகரைத் தளமாகக் கொண்டு 2012 வரை 30 ஆண்டுகள் இயங்கியது. அரசின்மைக் கொள்கையைப் பாடும் பங்க் இசையில் தொடங்கி, நடன இசை, பாப் இசை, நாட்டார் இசை எனத் தன் வடிவத்தைப் பலமுறை மாற்றிக்கொண்டது.

1997 இல் வெளியான "டப்தம்பிங்" என்ற பாடல் இக்குழுவை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. இன்றும் பெரும்பாலோர் இக்குழுவை இந்த ஒரு பாடலால் மட்டுமே அறிவர். ஆயினும் குழுவினர் மொத்தம் 14 கலையக இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளனர். "டப்தம்பிங்" இடம்பெற்றது அவற்றுள் எட்டாவதில் ஆகும். அதற்கு முந்தைய ஏழும் பிந்தைய ஆறும் போதிய கவனம் பெறவில்லை. பஞ்சம், தேர்தல், தணிக்கை, இனவாதம், வேலைநிறுத்தம், போர் ஆகியவை இவற்றின் பாடுபொருள்களாக உள்ளன. அரசியல் பாடல் எந்த வடிவில், எவருடைய பணத்தில், எவரைச் சென்றடைய வேண்டும் என்ற கேள்வி இத்தொகுப்புகள் அனைத்திலும் தொடர்ந்து வருகின்றது.

பெயரும் உறுப்பினர்களும்

சம்பவாம்பா என்ற பெயருக்கு உறுதியான பொருள் எதுவும் இல்லை. செய்தியாளர்கள் கேட்டபோதெல்லாம் உறுப்பினர்கள் ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்களை வேடிக்கையாகக் கூறிவந்தனர்.

பாஃப் வாலி, டான்பர்ட் நோபேக்கன் ஆகியோர் தொடக்ககால உறுப்பினர்கள் ஆவர். லூ வாட்ஸ், அலைஸ் நட்டர், ஹாரி ஹேமர், மேவிஸ் டில்லன், டன்ஸ்டன் புரூஸ் முதலியோர் அடுத்தடுத்து இணைந்தனர். ஜூட் அபட், நீல் பெர்குசன், பில் மூடி ஆகியோர் பிற்காலத்தவர். சிலர் புனைபெயர்களையே பயன்படுத்தினர். எடுத்துக்காட்டாக, அலைஸ் நட்டர் என்பது 1612 இல் லங்காஷயரில் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்ட பெண் ஒருவரின் பெயராகும்.

இக்குழுவுக்குத் தனித் தலைமைப் பாடகர் கிடையாது. ஒரே பாடலைப் பலர் மாறிமாறிப் பாடுவதும் ஒருவர் மற்றவரின் இசைக்கருவியை எடுத்து வாசிப்பதும் வழக்கம். தொடக்க ஆண்டுகளில் இவர்கள் லீட்ஸ் நகரின் ஆர்ம்லி பகுதியில் ஒரே வீட்டில் கூட்டாக வாழ்ந்தனர். முடிவுகள் கூடிப் பேசி எடுக்கப்பட்டன, வருமானம் சமமாகப் பகிரப்பட்டது. பின்னாளில் பெரும் பணம் வந்தபோதும் சமப் பகிர்வு முறை தொடர்ந்தது.

பின்னணி

பங்க் என்பது 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய, வேகமும் எளிமையும் சினமும் கொண்ட ராக் இசை வகையாகும். இதன் முதல் அலைக் குழுக்களில் பல, விரைவிலேயே பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. இதை ஏற்காத குழுக்கள் தாமே பதிவு செய்து, தாமே அச்சிட்டு, குறைந்த விலையில் விற்கும் வழியைக் கைக்கொண்டன. 1977 இல் எசெக்ஸ் பகுதியில் உருவான கிராஸ் என்ற குழு இவற்றுள் முதன்மையானது. போர் எதிர்ப்பு, விலங்குரிமை, பெண்ணியம், அரசின்மை ஆகியவற்றைப் பாடிய இந்தப் பிரிவு அரசின்மைப் பங்க் எனப்பட்டது.

சம்பவாம்பாவின் தொடக்ககாலப் பாடல் ஒன்று, கிராஸ் குழுவினர் 1982 இல் வெளியிட்ட "புல்ஷிட் டிடெக்டர்" வரிசையின் இரண்டாம் கூட்டுத்தொகுப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஒரு கேலிச் செயலிலும் இவர்கள் ஈடுபட்டனர். அக்காலத்தில் "ஓய்" என்ற முரட்டுப் பங்க் வகையைச் சவுண்ட்ஸ் என்ற இசை வார இதழ் ஊக்குவித்து வந்தது. சம்பவாம்பா உறுப்பினர்கள் "ஸ்கின் டிசீஸ்" (தோல் நோய்) என்ற இல்லாத ஓய் குழு ஒன்றின் பெயரில், தம்மை மந்தபுத்திக்காரர் எனக் கூறும் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கத்தும் பாடலைப் பதிவு செய்தனர். அது உண்மையான ஓய் பாடலாகவே கருதப்பட்டு இசைத்தட்டில் வெளியாயிற்று. இவ்வகை நையாண்டி இவர்களின் பிற்காலப் பணிகளிலும் தொடர்வதைக் காணலாம்.

ஒலிநாடாக்களும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும்

இசைத்தட்டு வெளியிடப் பணம் இல்லாத ஆண்டுகளில் இக்குழு ஒலிநாடாக்களைப் பிரதியெடுத்து, நிகழ்ச்சிகளிலும் அஞ்சல் வழியாகவும் விற்றது. குறைந்த எண்ணிக்கையில் வெளியான இவை இன்று சேகரிப்பாளர்களிடமே காணப்படுகின்றன.

1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை நடைபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இக்குழுவின் போக்கை மாற்றியது. சுரங்கங்களை மூடும் மார்கரெட் தாட்சர் அரசின் முடிவை எதிர்த்து நடந்த இப்போராட்டத்தின் முக்கியக் களங்களில் ஒன்று, லீட்ஸ் நகரைச் சூழ்ந்த யார்க்‌ஷயர் பகுதியாகும். சம்பவாம்பா நிதிதிரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியது. "காமன் கிரவுண்ட்" (பொது நிலம்) என்ற ஒலிநாடாவைத் தொழிலாளர் குடும்பங்களின் உதவிக்காக வெளியிட்டது. பிட்ஸ்வில்லியம் என்ற சுரங்கக் கிராமத்தைப் பற்றியும் ஒரு பாடல் இயற்றப்பட்டது.

அதுவரை பெரும்பாலும் பங்க் இளைஞர்களுக்காகவே பாடிய இவர்கள், தொழிலாளர் மன்றங்களில் எல்லா வயதினர் முன்னிலையிலும் பாட நேர்ந்தது. சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும், கூட்டத்தினர் சேர்ந்து பாட இயல வேண்டும் என்ற தேவைகள் எழுந்தன. கூட்டுக்குரலும் பாடத்தகுந்த மெட்டும் பின்னர் இக்குழுவின் அடையாளங்களாயின.

1985 இல் "அஜிட்-பிராப்" என்ற தமது சொந்த நிறுவனத்தின் வாயிலாக "ரெவல்யூசன்" (புரட்சி) என்ற முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அது பிரித்தானியத் தனி நிறுவன வெளியீடுகளின் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டியதுடன் 34 வாரங்கள் அப்பட்டியலில் நீடித்தது.

முதல் இரு இசைத்தொகுப்புகள்

எத்தியோப்பியப் பஞ்சத்திற்கு நிதி திரட்டுவதற்காக 1985 சூலை 13 அன்று இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் "லைவ் எய்ட்" என்ற மாபெரும் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. சம்பவாம்பாவின் முதல் இசைத்தொகுப்பு இதற்கான மறுமொழியாக 1986 இல் வெளிவந்தது. பட்டினிக் குழந்தைகளின் படங்கள் இசைத்தட்டுகளை விற்றுத்தரும் என்பது அதன் தலைப்பின் பொருளாகும்.

நன்கொடை அளிப்பவர்களை இத்தொகுப்பு குறை கூறவில்லை. குடியேற்றவாதம், பன்னாட்டு உணவு நிறுவனங்கள், உலக வணிக முறை ஆகியவை பஞ்சத்தை உருவாக்குகின்றன என்றும், புகழ்பெற்றவர்களின் தொண்டு அக்காரணங்களை மறைக்கின்றது என்றும் அது வாதிடுகின்றது. "யூனிலீவர்", "கோக்கா-காலனிசேசன்", "பிரித்தானியக் குடியேற்றவாதமும் பி.பி.சி.யும்" என்ற பொருளுடைய பாடல் ஆகியவை இதிலுள்ளன. பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்து, நாடகம் போல் அமைந்துள்ளன.

இரண்டாவது தொகுப்பான "நெவர் மைண்ட் த பாலட்ஸ்" 1987 இல் வெளியானது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 1977 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் பெயரைத் திரித்து, வாக்குச்சீட்டு என்ற சொல்லைச் சேர்த்து இத்தலைப்பு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் 11 அன்று நடந்த பொதுத்தேர்தலில் தாட்சர் மூன்றாம் முறையாக வென்றார். எக்கட்சி வந்தாலும் மக்களின் அன்றாட வாழ்வை முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் வருவதில்லை என்பதே இத்தொகுப்பின் கருத்தாகும். இவ்விரு தொகுப்புகளும் 1992 இல் "பர்ஸ்ட் 2" என்ற பெயரில் ஒரே குறுந்தட்டாக மறுவெளியீடு செய்யப்பட்டன.

இதே காலத்தில் சிறு வெளியீடுகளும் பல வந்தன. நெதர்லாந்தின் "தி எக்ஸ்" குழுவுடன் சேர்ந்து "ஆன்டிடோட்" என்ற பெயரில் பாசிச எதிர்ப்பு இசைத்தட்டு ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1987 இல் கப்பல் விபத்து நிதிக்காக ஒரு நாளிதழின் முயற்சியில் பல பாடகர்கள் பாடிய தொண்டுப் பாடலைக் கேலி செய்து "ஸ்கேப் எய்ட்" என்ற பெயரில் ஒரு தட்டு வெளிவந்தது. 1988 இல் வந்த மற்றொரு தட்டு இரு சட்ட முயற்சிகளை எதிர்த்தது. ஒன்று, உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலீர்ப்பை "ஊக்குவிப்பதை"த் தடைசெய்த 28 ஆம் பிரிவு. மற்றொன்று, கருக்கலைப்புக்கான கால வரம்பைக் குறைக்க முயன்ற ஆல்டன் மசோதா. ஆல்டன் மசோதா நிறைவேறவில்லை. 28 ஆம் பிரிவு சட்டமாகி, இசுக்காட்லாந்தில் 2000 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டது.

ஆங்கிலேயக் கலகப் பாடல்கள்

1988 இல் வெளியான "இங்கிலீஷ் ரெபல் சாங்ஸ் 1381–1914" இக்குழுவின் மிக முக்கியமான பணிகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது. மின்கிதாரும் முரசும் இல்லாமல், பெரிதும் வாய்ப்பாட்டாகவே பாடப்பட்ட இத்தொகுப்பு 10 அங்குல இசைத்தட்டாக வெளிவந்தது. பங்க் இசையை எதிர்பார்த்தவர்களுக்கு இது வியப்பளித்தது.

தலைப்பிலுள்ள 1381, வரிக்கொடுமைக்கு எதிராக ஆங்கிலேய உழவர்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டாகும். 1649 இல் தரிசு நிலத்தைப் பொதுவில் பயிரிட முயன்ற டிக்கர்கள் பற்றிய பாடல், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரங்களை உடைத்த லுட்டியர்களைப் பற்றிய பாடல், வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டுகளின் பாடல் ஆகியவை இடையில் வருகின்றன. முதலாம் உலகப்போரின் படைவீரர்கள் தம் அதிகாரிகளை எள்ளிப் பாடிய பாடல் இறுதிக் காலத்தைச் சேர்ந்தது.

பள்ளிப் பாடநூல்கள் அரசர்களின் வரலாற்றையே கூறுகையில், எளிய மக்களின் எதிர்ப்பு பாடல்களில் தங்கியுள்ளது என்ற எண்ணம் இத்தொகுப்பின் அடிப்படையாகும். 2003 இல் குழுவினர் இதனை முழுவதும் மீண்டும் பாடிப் பதிவு செய்தனர். அப்போது தலைப்பின் இறுதி ஆண்டு 1984 என மாற்றப்பட்டு, சுரங்கத் தொழிலாளர் போராட்டக் காலத்துப் பாடலான "கோல் நாட் டோல்" (உதவித்தொகை வேண்டாம், நிலக்கரி வேண்டும்) சேர்க்கப்பட்டது. இவ்வாறு தாம் நேரில் பங்கேற்ற போராட்டத்தையும் அந்த நீண்ட வரலாற்றின் பகுதியாக்கினர்.

நடன இசையும் தணிக்கையும்

1990 இல் வந்த "ஸ்லாப்!" இசைத்தொகுப்பில் நடன அரங்குகளுக்குரிய தாளமும் ஊதுகருவிகளும் இடம்பெற்றன. அதிலுள்ள ஒரு பாடல், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்த ராப்பபோர்ட் என்ற மனிதரைப் பற்றியது. முகாமிலிருந்து உயிர்தப்பிய இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவியின் நூலில் வரும் இவர், தாம் தோற்கடிக்கப்படவில்லை என்று கூறுபவர். வீழ்ந்தாலும் விட்டுக்கொடாமை என்ற இக்கருத்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் "டப்தம்பிங்" பாடலில் வேறு வடிவில் மீண்டும் வருவது குறிப்பிடத்தக்கது.

அடுத்து, பிற புகழ்பெற்ற பாடல்களின் துண்டுகளை வெட்டி ஒட்டி "ஜீசஸ் எச் கிரைஸ்ட்" என்ற தொகுப்பு தயாரிக்கப்பட்டது. பதிப்புரிமைச் சிக்கலால் இதனை வெளியிட இயலவில்லை. குழுவினர் அதை மாற்றியமைத்து 1992 இல் "ஷ்ஷ்ஷ்" என்ற பெயரில் வெளியிட்டனர். வாயை மூடு என்னும் ஒலிக்குறிப்பையே தலைப்பாகக் கொண்ட இத்தொகுப்பின் பொருள் தணிக்கை ஆகும். வெளிவராத மூலத்தொகுப்பு கள்ளப்பிரதிகளாகப் பரவியது.

1993 இல் இலண்டனின் மில்வால் வட்டாரத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரித்தானியத் தேசியக் கட்சி உள்ளாட்சி இடம் ஒன்றை வென்றது. அதே ஆண்டில் "கிரெடிட் டு த நேசன்" என்ற ராப் குழுவுடன் இணைந்து "இனஃப் இஸ் இனஃப்" (போதும் போதும்) என்ற பாசிச எதிர்ப்புப் பாடலைச் சம்பவாம்பா வெளியிட்டது. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீலின் நேயர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் 50 பாடல்களில் அவ்வாண்டு இது முதலிடம் பெற்றது.

1994 இல் "அனார்க்கி" (அரசின்மை) தொகுப்பு, அப்போது ஒன் லிட்டில் இந்தியன் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தின் வழியாக வெளியானது. பிரித்தானியத் தரவரிசையில் 29 ஆம் இடத்தைப் பெற்றது. குழந்தை பிறக்கும் தருணத்தைக் காட்டும் அதன் அட்டைப்படத்தைச் சில கடைகள் மறைத்தே விற்றன. இதிலுள்ள "ஹோமோபோபியா" என்ற பாடல், பிராட்ஃபோர்ட் நகரில் ஒருபாலீர்ப்பு ஆண் ஒருவர் கொல்லப்பட்டதைப் பாடுவது. 1995 இல் வந்த "சுவிங்கிங் வித் ரேமண்ட்" இரு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி அன்பைப் பற்றிய மென்மையான பாடல்களையும் இரண்டாம் பகுதி வெறுப்பைப் பற்றிய கடுமையான பாடல்களையும் கொண்டது.

ஈ.எம்.ஐ. ஒப்பந்தமும் "டப்தம்பிங்" பாடலும்

1989 இல் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தை வசைபாடும் தலைப்புடைய கூட்டுத்தொகுப்பு ஒன்றில் சம்பவாம்பாவும் பங்கேற்றிருந்தது. அந்நிறுவனம் அப்போது ஆயுதத் தளவாடங்களும் தயாரித்த தோர்ன் ஈ.எம்.ஐ. குழுமத்தின் பகுதியாக இருந்தமை எதிர்ப்புக்கு ஒரு காரணமாகும். 1996 இல் அக்குழுமம் பிரிந்தது. 1997 இல் சம்பவாம்பா ஈ.எம்.ஐ.யின் செருமனி நாட்டுக் கிளையுடன் ஒப்பந்தம் செய்தது.

இது பழைய ஆதரவாளர்களிடையே கடும் சினத்தை ஏற்படுத்தியது. 1998 இல் சில பங்க் குழுக்கள் சேர்ந்து சம்பவாம்பாவைக் கண்டிக்கும் தட்டு ஒன்றை வெளியிட்டன. வெட்கமற்ற கபடம் இசைத்தட்டுகளை விற்றுத்தரும் என்ற பொருளில், சம்பவாம்பாவின் முதல் தொகுப்புத் தலைப்பையே திருப்பி அதற்குப் பெயரிட்டனர். சிறிய நிறுவனங்களும் முதலாளித்துவ விதிகளின்படியே இயங்குகின்றன என்றும், ஏற்கனவே உடன்பாடு கொண்டவர்களுக்கு மட்டும் பாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றும் குழுவினர் விடையளித்தனர்.

1997 ஆகத்தில் வெளியான "டப்தம்பிங்" ஐக்கிய இராச்சியத்தில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் ஆறாம் இடத்தையும் பெற்றது. டப்தம்பர் என்பது ஆவேசமாக முழங்கும் மேடைப் பேச்சாளரைக் குறிக்கும் சொல். இசைத்தொகுப்பிலுள்ள வடிவம், சுரங்கம் மூடப்படும் ஊரின் ஊதுகுழல் இசைக்குழுவைப் பற்றிய "பிராஸ்ட் ஆஃப்" (1996) திரைப்படத்தில் நடிகர் பீட் போஸ்டில்த்வெயிட் ஆற்றும் உரையின் பகுதியோடு தொடங்குகின்றது. வானொலிகள் ஒலிபரப்பிய குறுகிய வடிவத்தில் இவ்வுரை இல்லை. எனவே பலர் இதனைக் குடிக்கொண்டாட்டப் பாடலாக மட்டுமே கேட்டனர்.

"டப்தம்பர்" என்ற இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மூன்றாம் இடத்தை எட்டியதுடன் 30 இலட்சம் படிகளுக்கான சான்றையும் பெற்றது. வீடற்றோர், கடல்துறைத் தொழிலாளர், அரசியல்வாதிகளின் மறதி ஆகியவற்றைப் பற்றிய பாடல்களும் அதில் உள்ளன. மறதியைப் பற்றிய "அம்னீசியா" 1998 இல் ஐக்கிய இராச்சியத்தில் பத்தாம் இடத்தைப் பெற்றது.

புகழும் பணமும்

கிடைத்த புகழைக் குழுவினர் தம் கருத்துகளைப் பரப்பப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் "டப்தம்பிங்" பாடியபோது, மரண தண்டனைக் கைதியாக இருந்த மூமியா அபு-ஜமாலை விடுவிக்கக் கோரும் முழக்கத்தை இடையில் சேர்த்தனர். 1998 பெப்ரவரியில் நடந்த பிரிட் விருது விழாவில் டான்பர்ட் நோபேக்கன், பிரித்தானியத் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் மீது ஒரு வாளி நீரை ஊற்றினார். 1995 முதல் 1998 வரை போராடிய லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைத் தொழிற்கட்சி கைவிட்டது என்பதே இச்செயலுக்குக் கூறப்பட்ட காரணமாகும்.

"டப்தம்பிங்" பாடலை விளம்பரத்தில் பயன்படுத்த நைக்கி நிறுவனம் 15 இலட்சம் டாலர் தர முன்வந்ததாகவும், அதனை உடனே மறுத்துவிட்டதாகவும் குழுவினர் தெரிவித்துள்ளனர். வேறு வழியும் கையாளப்பட்டது. 2002 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் "பாஸ் இட் அலாங்" என்ற பாடலைத் தன் மகிழுந்து விளம்பரத்திற்குப் பெற்றுக்கொண்டது. அப்பணத்தைக் குழுவினர் இன்டிமீடியா, கார்ப்வாட்ச் என்னும் அமைப்புகளுக்கு வழங்கினர். பெருநிறுவனங்களைக் கண்காணிக்கும் அவ்வமைப்புகள் அதே நிறுவனத்திற்கு எதிரான பரப்புரைக்கு அதனைப் பயன்படுத்தின.

1997 இல் மொழியியலாளர் நோம் சோம்சுக்கியின் உரையையும் சம்பவாம்பாவின் மேடை நிகழ்ச்சிப் பதிவையும் கொண்ட இரட்டைக் குறுந்தட்டும் வெளிவந்தது. பெருவெற்றியின் இரைச்சலில் இது பரவலாக அறியப்படவில்லை.

வெற்றிக்குப் பிந்தைய தொகுப்புகள்

2000 இல் வெளியான "விசிவிக்" தொகுப்பு, 20க்கும் மேற்பட்ட சிறு துண்டுகளால் ஆனது. புகழ்பெற்றோர் மீதான மோகம், இணையம், நுகர்வு ஆகியவற்றை இது எள்ளுகின்றது. மற்றொரு "டப்தம்பிங்" பாடலை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாயிற்று. விற்பனை குறைந்தது, ஈ.எம்.ஐ. உறவும் முடிவுற்றது.

அதன்பின் "மட்" என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி 2002 இல் "ரெடிமேட்ஸ்" தொகுப்பை வெளியிட்டனர். ஆங்கிலேய நாட்டார் பாடகர்களின் பதிவுகளிலிருந்து எடுத்த குரல்களை மின்னணுத் தாளத்துடன் இணைத்த அமைதியான இசை இதுவாகும். இதில் ஒரு பாடல் ஹாரி ஸ்டான்லி என்பவரைப் பற்றியது. 1999 இல் இலண்டனில், பையில் மேசைக்கால் ஒன்றை எடுத்துச் சென்ற அவரை, அது துப்பாக்கி எனக் கருதிய காவலர்கள் சுட்டுக்கொன்றனர். இத்தொகுப்பின் "ஜேக்கப்ஸ் லேடர்" பாடல் ஈராக் போருக்கு எதிரான வடிவிலும் வெளியிடப்பட்டது. 2004 இல் வந்த "அன்" தொகுப்பில், 2003 இல் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து சூறையாடப்பட்ட தொல்பொருள்கள் இணைய ஏலத்தில் விலைபோவதைப் பற்றிய பாடல் உள்ளது.

நாட்டார் இசைக் காலம்

2004 இல் அலைஸ் நட்டர், டான்பர்ட் நோபேக்கன், டன்ஸ்டன் புரூஸ் உள்ளிட்டோர் விலகினர். எஞ்சியோர் மின்கருவிகளைத் தவிர்த்து, குரலையும் மரக்கிதார், ஊதுகருவி போன்றவற்றையும் கொண்டு பாடத் தொடங்கினர். இது 1988 ஆம் ஆண்டின் கலகப் பாடல் முயற்சியின் தொடர்ச்சி எனலாம்.

2005 இல் வந்த "எ சிங்சாங் அண்ட் எ ஸ்கிராப்" தொகுப்பில் ஒரு பாடல் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் இசுக்கவுட் மலையில் நடந்த அத்துமீறல் நடைப்பயணத்தைப் பற்றியது. நிலவுடைமையாளர்கள் அடைத்து வைத்திருந்த மலைப்பகுதியில் நடக்கும் உரிமைக்காகத் தொழிலாளர்கள் மேற்கொண்ட இப்பயணத்தில் சிலர் சிறை சென்றனர். இத்தாலியப் பாசிச எதிர்ப்பாளர்களின் "பெல்லா சாவ்" பாடலும் இத்தொகுப்பில் பாடப்பட்டுள்ளது.

2008 ஆம் ஆண்டின் "த பாய் பேண்ட்ஸ் ஹாவ் வன்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொகுப்பின் முழுத்தலைப்பு 156 சொற்களைக் கொண்டது. பாடல்களை மாற்றவும் பகிரவும் மக்களுக்கு உள்ள உரிமையைப் பற்றிய சிறு அறிக்கையே அத்தலைப்பு. இதிலுள்ள "எல் புசிலாடோ", 1915 இல் மெக்சிக்கப் புரட்சியின்போது துப்பாக்கிப் படையால் சுடப்பட்டும் உயிர்பிழைத்த வென்செஸ்லாவோ மொகுவெல் என்பவரின் கதையாகும். 2010 இல் வெளியான "ஏபிசிடிஈஎஃப்ஜி" இசையைப் பற்றிய பாடல்களால் ஆனது. கைதிகளை வதைக்க உரத்த மெட்டல் இசை பயன்படுத்தப்பட்டதைப் பற்றிய பாடல் அதிலுள்ளது.

கலைப்பு

2012 சூலையில் குழு கலைவதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று லீட்ஸ் நகரின் சிட்டி வெரைட்டீஸ் அரங்கில் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. மார்கரெட் தாட்சரின் இறப்பின்போது வெளியிடுவதற்கென ஒரு தட்டு பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டு முன்பதிவும் பெறப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 8 அன்று அவர் இறந்ததும் அது அனுப்பப்பட்டது.

பாஃப் வாலி 2004 இல் "ஃபுட்நோட்" என்ற தன்வரலாற்று நூலை எழுதினார். அலைஸ் நட்டர் தொலைக்காட்சி, நாடக எழுத்தாளரானார். டன்ஸ்டன் புரூஸ் இணைந்து இயக்கிய ஆவணப்படம் 2021 இல் வெளியானது. 2024 மார்ச்சில் நியூசிலாந்து அரசியல்வாதி வின்ஸ்டன் பீட்டர்ஸ் தம் கூட்டத்தில் "டப்தம்பிங்" பாடலைப் பயன்படுத்தியபோது, முன்னாள் உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து அதனை நிறுத்துமாறு கோரினர்.

கவனம் பெறாமைக்கான காரணங்கள்

இக்குழுவின் பெரும்பகுதிப் படைப்புகள் அறியப்படாமைக்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, வெளியீட்டு முறை. பல சிறிய நிறுவனங்களின் வழியாகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியானதால் தொகுப்புகள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவது, வடிவ மாற்றம். பங்க் ஆர்வலர்கள் நடன இசையையும், பாப் இசை நேயர்கள் நாட்டார் இசையையும் பின்தொடரவில்லை. மூன்றாவது, பாடுபொருளின் காலத்தன்மை. குறிப்பிட்ட தேர்தலையோ மசோதாவையோ பாடும் பாடலுக்குப் பின்னணி விளக்கம் தேவைப்படுகின்றது. நான்காவது, ஒரே பாடலின் பெருவெற்றி. அது குழுவை வேடிக்கைப் பாடகர்களாகப் பொதுமக்களிடமும், கொள்கையைக் கைவிட்டவர்களாகப் பங்க் வட்டாரத்திலும் நிலைநிறுத்தியது. இதனால் இரு தரப்பினரும் மற்றத் தொகுப்புகளைத் தேடிச் செல்லவில்லை.

எனினும் தொகுப்புகளைக் கால வரிசையில் கேட்போர், "டப்தம்பிங்" பாடலின் கூட்டுக்குரல் சுரங்கத் தொழிலாளர் மன்றங்களிலும், அதன் கருத்து 1990 ஆம் ஆண்டின் பாடலிலும், அதன் ஊதுகருவி "ஸ்லாப்!" தொகுப்பிலும் ஏற்கனவே இருப்பதைக் காணலாம். அப்பாடல் இக்குழுவின் பாதையிலிருந்து விலகிய ஒன்றன்று என்பதை இது காட்டுகின்றது. புதிதாகக் கேட்க விரும்புவோர்க்குக் கலகப் பாடல் தொகுப்பின் 2003 ஆம் ஆண்டுப் பதிவும், "அனார்க்கி", "ரெடிமேட்ஸ்", "த பாய் பேண்ட்ஸ் ஹாவ் வன்" ஆகியவையும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு நுழைவாயில்களாக அமையும்.

கலையக இசைத்தொகுப்புகள்

1986 – பிக்சர்ஸ் ஆஃப் ஸ்டார்விங் சில்ட்ரன் செல் ரெக்கார்ட்ஸ்
1987 – நெவர் மைண்ட் த பாலட்ஸ்
1988 – இங்கிலீஷ் ரெபல் சாங்ஸ் 1381–1914 (மறுபதிவு 2003)
1990 – ஸ்லாப்!
1992 – ஷ்ஷ்ஷ்
1994 – அனார்க்கி
1995 – சுவிங்கிங் வித் ரேமண்ட்
1997 – டப்தம்பர்
2000 – விசிவிக்
2002 – ரெடிமேட்ஸ்
2004 – அன்
2005 – எ சிங்சாங் அண்ட் எ ஸ்கிராப்
2008 – த பாய் பேண்ட்ஸ் ஹாவ் வன்
2010 – ஏபிசிடிஈஎஃப்ஜி